இல்லாத மதிலைச் சுற்றி ஒரு நடை

ஊர் சுற்றிக் காட்டுவதை ஒரு தொழிலென்று ஒப்புக்கொள்ள நம்மவர் பலருக்கு மனம் வருவதில்லை. ஸ்தலங்களின் வாசலில் யாத்ரிகரைச் சூழ்ந்துகொண்டு, மனப்பாடமாக நாலு வாக்கியத்தை ஒப்பித்துவிட்டுக் கை நீட்டும் காரியமாகவே அதை அவர்கள் பார்த்துப் பழகிவிட்டார்கள். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கோரத்தில், ஏரியின் தென்முனையில், வங்கக்கடலின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் கிடக்கும் பழவேற்காட்டில் நெடுங்காலமாக இந்தத் தொழிலையே செய்து ஜீவித்துவரும் எனக்கு, இதற்கும் தனியான கருவிகள் உண்டு, நேரங்கள் உண்டு, மீறக்கூடாத ஒழுக்கங்கள் உண்டு என்பது தெரியும். அவற்றைப் பிறகு வருகிறவர்களுக்காகவாவது எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதத் துணிந்தேன்.

கடலோரக் கோட்டைப் பட்டினங்களில் நடந்து திரிவது உலகெங்கும் பிரயாணிகள் விரும்புகிற ஒரு காரியம். இத்தாலிக்குச் சொந்தமான சார்டினியாத் தீவில் அல்கேரோ என்றோர் ஊர் இருக்கிறது. 1354-இல் அரகான் தேசத்து மன்னன் அதைப் பிடித்து, அங்கிருந்த குடிகளை அப்புறப்படுத்திவிட்டுக் கட்டலோனியாவிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். ஆறரை நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்தக் கட்டலான் பாஷையின் ஒரு வடிவம் அங்கே சிலருடைய வாயில் உயிரோடு இருக்கிறது. கடலைப் பார்த்த மதில் நிற்கிறது. மாலை வேளையில் ஊரார் அதன்மேல் உலாவுகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கையில் காலிக் கோட்டை இருக்கிறது. 1640-இல் போர்த்துகீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிப் பலப்படுத்திய அதன் மதிலுக்குள் இன்றைக்கும் குடித்தனங்கள் நடக்கின்றன. நமது தரங்கம்பாடியிலோ 1620-இல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய கோட்டை அலையோரத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. இவ்விடங்களில் வழிகாட்டிக்குப் பாதி வேலைதான். மீதியை மதிலே சொல்லிவிடும். பழவேற்காட்டில் மதில் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது; இப்போது இல்லை. இல்லாததைக் காட்டுவதுதான் இங்கே எங்கள் தொழில்.

அந்த மதிலின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்கே வாணிபம் செய்தனர். மகிமை மாதா ஆலயம் 1515-இல் தோன்றியதென்பது அவ்வாலயத்தாரின் மரபு. பிறகு, விஜயநகரத்து வேங்கடபதி ராயரின் அனுமதியைப் பெற்று 1610-இல் ஒல்லாந்தர் பண்டசாலை அமைத்தார்கள். அதைப் பொறாத போர்த்துகீசியர் சாந்தோமிலிருந்து வந்து 1612-இல் தாக்கி அழித்தார்கள். ஆகையால் 1613-இல் ஒரு கோட்டையே எழுந்தது. ஒல்லாந்தர் தலைவனாக இருந்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணத்தின் பெயரால் அதற்குக் கெல்ட்ரியா என்று பெயரிட்டான். 1690-இல் தலைமை ஸ்தானம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரையில் சோழமண்டலக் கரை முழுவதிலுமிருந்த ஒல்லாந்தரின் வாணிபம் இந்த ஊரிலிருந்தே ஆளப்பட்டது. இங்கே அவர்களோடு போட்டியிட்டு நிற்க முடியாத ஆங்கிலேயர், ஏரியின் வடபாகத்தில் ஆர்மகான் என்று அவர்கள் அழைத்த துறையில் 1626-இல் ஒதுங்கி, அங்கும் நிலைகொள்ளாமல் 1639-இல் தெற்கே வந்து மதராஸபட்டினத்தில் இடம் பிடித்தார்கள் என்ற செய்தியை நான் சொல்லும்போதெல்லாம், சென்னையிலிருந்து வந்த பிரயாணிகள் சற்று நிமிர்ந்து நின்று கேட்பதைக் கண்டிருக்கிறேன். 1781-இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைப் பிடித்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டையை இடித்தார்கள், 1825-இல் ஊர் முடிவாக அவர்கள் வசமாயிற்று.

இனி நடைக்கு வருவோம். கெல்ட்ரியா இருந்த இடம் இன்று சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு. தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை இராவிட்டால் அதைப் புறம்போக்கு என்றே எண்ணிக் கடந்துவிடலாம். வருகிறவர் எல்லோரும் முதலில் அந்தப் புதருக்குள் நுழைந்து பார்க்கவே ஆசைப்படுவார்கள். நான் விடுவதில்லை. உள்ளே முள்ளும் பாம்பும் உண்டென்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உள்ளே போனவனுக்குக் கோட்டை தெரியாது என்பதே. அகழியின் பள்ளம் இன்னும் அழியாமல் இருக்கிறது. மழைக்காலத்தில் அதில் நீர் நிற்கிறது. அந்தப் பள்ளத்தின் வெளிக்கரையைப் பிடித்துக்கொண்டு, பேச்சில்லாமல், ஒருவர் பின் ஒருவராக அவர்களை நடத்திச் செல்வேன். கரை திரும்புகிற இடத்தில் நிறுத்துவேன். 'இங்கேதான் கொத்தளம், இங்கிருந்த பீரங்கிக்கு எந்தத் திசை தெரிந்திருக்கும், சொல்லுங்கள்' என்று கேட்பேன். குழந்தைகள் உடனே ஏரியைக் காட்டுவார்கள். பெரியவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். மறு மூலைக்குப் போகும்போது அவர்களே தங்களுக்குள் தர்க்கம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். எந்தப் பக்கம் வாயில் இருந்திருக்கும், படகு எங்கே வந்து நின்றிருக்கும், சாந்தோமிலிருந்து வந்த எதிரி எந்த வழியாக நெருங்கியிருப்பான் என்றெல்லாம். கண்ணுக்குப் புலப்படாத மதிலின் நீள அகலத்தைக் கால்கள் அளந்து மனத்துக்குச் சொல்லிவிடுகின்றன. வண்டியில் வந்து, இறங்காமலே படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிட்டுவதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தக் கோட்டையைத் திரும்பக் கட்டிவிட வேண்டும் என்று சில பெரிய மனிதர்கள் என்னிடம் உற்சாகத்தோடு கூறியதுண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. புதிதாகச் செங்கல் அடுக்கி நிறுத்துவது எவ்வளவு அழகாயிருந்தாலும் அது கெல்ட்ரியா ஆகாது. முட்செடியை ஒரு பக்கமாவது வேரோடு களைந்து, அகழியின் கரையில் வயோதிகர்களும் தடுமாறாமல் நடக்கும்படி ஒரு பாதை போட்டு, மூலைக்கு ஒரு கல்திண்ணை வைத்தால் போதும். செலவும் அதிகம் ஆகாது.

கோட்டையை விட்டால் எல்லோரும் பார்க்க விரும்புவது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். அதன் வாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கிய இரண்டு கற்கள் நிற்கின்றன. மரணம் யாரையும் விடாது என்பதை உள்ளே நுழைகிறவனுக்கு நினைவூட்டும் ஐரோப்பிய வழக்கம் அது. உள்ளே கூம்புத் தூண்களும், விதானம் கவிந்த சமாதிகளும், தரையோடு பதித்த நீண்ட கற்பலகைகளும் இருக்கின்றன. அதிகாரிகள், வர்த்தகர்கள், அவர்களுடைய மனைவியர், குழந்தைகள் என்று பலர் அங்கே கிடக்கிறார்கள். எழுத்தும் குலச்சின்னமும் கருங்கல்லில் மிக நுட்பமாக வெட்டப்பட்டிருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்து இத்தனை மழைக்கும் உப்புக்காற்றுக்கும் ஈடுகொடுத்து நிற்பது அந்தத் தச்சர்களின் கைவன்மைக்குச் சாட்சி.

இங்கேதான் தொழில் நுட்பம் வேண்டும். உச்சிவெயிலில் போனால் அந்த எழுத்துகளில் ஒன்றும் தெரியாது. கல் முழுவதும் ஒரே வெளுப்பாக மின்னும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்திலும் நிழல் கட்டி அது மேலெழுந்து வரும். ஆகையால் காலை ஏழு மணிக்குள்ளோ, மாலை நாலரைக்குப் பிறகோ போக வேண்டும். வேளை தவறி வந்தவர்களுக்காக என் பையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருப்பேன்; ஒருவர் குடையைப் பிடித்துக் கல்லின்மேல் நிழல் விழச் செய்ய, நான் தள்ளி நின்று கண்ணாடியால் வெயிலைத் தரையோடு தரையாகத் திருப்பினால், அதுவரை ஊமையாய்க் கிடந்த பலகையில் பெயரும் வருஷமும் பளிச்சென்று எழும். சுண்ணாம்பும் சாக்கட்டியும் தடவி எழுத்தைத் தெளிவாக்கிப் படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கல்லுக்குச் செய்கிற துரோகம். சுண்ணம் கல்லின் துளைகளில் இறங்கி, ஈரத்தோடு சேர்ந்து, நாளடைவில் மேற்பரப்பை உரித்துவிடும். என்னோடு வருகிறவர் எத்தனை பெரிய உத்தியோகஸ்தராயினும் இதை நான் அனுமதித்ததில்லை.

ஒருநாள் காலையில், நான் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திரும்புகையில், மீன்கூடையோடு எதிரே வந்த கோட்டைக்குப்பத்து மூதாட்டி ஒருத்தி நின்றாள். "ஏன் சாரு, தெனமும் அந்தச் சமாதிக்கே இட்டுனு போற? எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எங்க கெடக்குறாங்கன்னு இவங்கள்ல யாராச்சும் கேட்டாங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. ஏலம் முடிவதற்குள் துறைக்குப் போக வேண்டிய அவசரம் அவளுக்கு.

அந்தக் கேள்வி என் தொழிலின் மத்தியில் வந்து உட்கார்ந்துவிட்டது. கல் வைத்துக்கொள்ளச் சக்தியுள்ளவர்களின் மரணம் மாத்திரமே இங்கே கல்லில் இருக்கிறது. கோட்டையின் வெடிமருந்துச் சாலையில் கந்தகமும் வெடியுப்பும் கரியும் அரைத்த கூலிகளுக்குக் கல் இல்லை. அவர்கள் செய்த மருந்து, இன்று ஜகார்த்தா என்று நாம் அறிகிற பட்டேவியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறிற்று. பழவேற்காட்டு அக்கசாலையில் நாணயம் அடித்தவர்களுக்குக் கல் இல்லை. எல்லாவற்றையும் விடக் கொடிய விஷயம் ஒன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில், மழை பொய்த்துப் பஞ்சமும் யுத்தமும் உள்நாட்டை உலுக்கிய வருஷங்களில், பசிக்குப் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றுக்கொண்ட ஜனங்களை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கில் கப்பல்களில் அடைத்து, பட்டேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அந்த வியாபாரத்துக்கு இந்தத் துறை ஒரு முக்கிய வாயில். போனவர்களில் எவருக்கும் இந்த ஊரில் ஓர் அடையாளமும் கிடையாது. தோட்டத்தின் சமாதிகளைக் காட்டிய அதே வாயால் இதைச் சொல்லாமல் விடுவது அதர்மம் என்று எனக்குப் பட்டது. அதுமுதல், கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வந்ததும், ஏரியைப் பார்த்தபடி அவர்களை நிறுத்திவைத்து இந்த விருத்தாந்தத்தைச் சொல்லாமல் எந்த நடையையும் நான் முடிப்பதில்லை. சிலருக்கு இது பிடிப்பதில்லை. உல்லாசமாகப் பொழுதுபோக்க வந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்பார்கள். அவர்களுக்காக நான் அதைக் குறைத்துக்கொண்டதில்லை.

நெசவாளிகளின் கதை சற்று வேறு விதம். அவர்களுக்கும் கல் இல்லை. ஆனால் அவர்கள் கைவேலையோடு ஊரின் பெயர் கடல் கடந்து போய்விட்டது. இந்தக் கரையில் நெய்து, இந்தத் துறையிலிருந்து ஏற்றுமதியான கட்டம் போட்ட துணியை மலாய் நாட்டார் இன்றளவும் காயின் பெலிக்கட் என்கிறார்கள். தொழுகைக்கும் வீட்டுக்கும் உடுத்தும் சாரம் அது. மலேசியாவிலிருந்து வந்த முதியவர் ஒருவர், ஊரின் பெயரைப் பலகையில் படித்ததும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமலிருந்து, பிறகு பெட்டியைத் திறந்து தம்முடைய சாரத்தை எடுத்துக் காட்டினார். பள்ளிவாசல் திண்ணையில் இருந்த பாய் ஒருவர் தம் இடுப்பிலிருந்த கைலியின் ஓரத்தைப் பிடித்து அதனோடு வைத்துப் பார்த்தார். இருவரும் கட்டத்தின் அளவைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் அரைமணி நேரம் சம்பாஷித்தார்கள். எனக்கு அங்கே பேச ஒன்றும் இருக்கவில்லை.

மரைக்காயர் தெருக்களிலும் பள்ளிவாசல்களிலும் காட்டத்தக்கவை இன்னும் பல. தொழுகை நேரத்தைக் கணிக்க வைத்த நிழற்கடிகாரம் ஒன்று, வெயில் உள்ள அளவும் தவறாமல் வேலை செய்கிறது. பனையோலையைக் கீறிச் சாயமேற்றிப் பெட்டி முடையும் பெண்களின் விரல் வேகத்தை வீட்டார் அனுமதித்தால் பார்க்கலாம். அனுமதியின்றி வாசற்படி ஏறலாகாது. செம்புரைக்கல்லால் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் ராமாயணக் காட்சிகளைச் சாண் அளவுகூட இல்லாத சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவசரக்காரருக்கு அவை கண்ணில் படா.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்திலிருந்தும் கவரைப்பேட்டைப் பக்கத்து உருக்காலைகளிலிருந்தும் வாரவிடுமுறை நாளில் வரும் தொழிலாளர்களை அழைத்துச் செல்வதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம். இரவு ஷிஃப்டை முடித்துத் தூங்காமலே வருகிற பிள்ளைகள் அவர்கள். பீஹார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று பல தேசத்தார். பொன்னேரியில் ரயில் இறங்கிப் பஸ் பிடித்து வந்து சேர்வார்கள். ஒல்லாந்தரைப் பற்றி அவர்களுக்கு அக்கறை குறைவு. வலையும் படகும் ஏலமும் என்றால் கண் விழித்துக்கொள்கிறார்கள். ஒருமுறை, ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் ஏரியைக் கண்டதும், இது தன் ஊர் சிலிகாவைப் போலவே இருக்கிறதென்று கூவிவிட்டான். உவர்நீர் ஏரிகளில் இந்தியாவில் சிலிகா முதலாவது, பழவேற்காடு இரண்டாவது. ஆகவே அவன் சொன்னது சரிதான். முகத்துவாரம் மண்ணடித்துப் போனால் கடல்நீர் ஏறாது, கடல்நீர் ஏறாவிட்டால் இறால் வராது என்று துறையிலிருந்தவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்ல, சிலிகாவிலும் அப்படித்தான் இருந்தது, 2000ஆம் வருஷத்தில் சர்க்கார் கடலுக்குப் புதுவாய் வெட்டிய பிறகு மீன் திரும்பிற்று என்று அவன் அரைகுறைத் தமிழும் சைகையுமாக விளக்கினான். அன்றைக்கு வழிகாட்டி அவன்தான். துறையிலிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னொரு தபா சொல்லு, எந்தப் பக்கமா வெட்டுனாங்க?" என்று மணலில் கோடு போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அந்தப் பெரியவரிடமிருந்துதான் 'பாடு' என்னும் ஏற்பாட்டை என் நடையில் சேர்த்துக்கொள்ளக் கற்றேன். இறால் விளையும் நல்ல இடங்கள் சிலவே. பலசாலி பிடித்துக்கொள்வதென்றால் தினமும் சண்டைதான் மிஞ்சும். ஆதலால் இன்ன நாளில் இன்ன குப்பத்தார் இன்ன இடத்தில் சுத்து வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொண்டு, அந்த முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிறார்கள். மீறினால் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்லியாக வேண்டும். கெல்ட்ரியாவின் கல் போய்விட்டது. நீரின்மேல் கோடே இல்லாமல் வகுத்த இந்த எல்லை இன்னும் மதிக்கப்படுகிறது. கோட்டையைக் காட்டுகிறவன் இதைக் காட்டாமல் போகலாமா?

படகில் மட்டும் நான் யாரையும் ஏற்றுவதில்லை. 2011ஆம் வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி, உல்லாசப் படகு ஒன்று முகத்துவாரத்தருகே கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். பூநாரைகளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்று குளிர்காலத்தில் வருகிறவர்கள் என்னை நச்சரிப்பார்கள். கரையிலிருந்தே தொலைநோக்கியில் பாருங்கள், இல்லையேல் பாலத்தின் மேல் நடந்து கலங்கரை விளக்கக் குப்பத்துக்குப் போங்கள் என்பதே என் பதில். எத்தனை ரூபாய் கொடுப்பதாகச் சொன்னாலும் அதில் மாற்றமில்லை.

சமீப காலமாக, பொன்னேரி அரசு கல்லூரியில் படிக்கும் கோட்டைக்குப்பத்துப் பெண் ஒருத்தி விடுமுறை நாட்களில் என்னோடு வந்து தொழில் பழகுகிறாள். வந்த சில வாரங்களிலேயே நடையின் வரிசையை மாற்ற வேண்டுமென்று வாதாடினாள். "ஐயா, கல்லறையைச் சாயங்காலமும் பாக்கலாம். வெயில் ஏறினா ஏலம் முடிஞ்சிரும்" என்றாள். அவள் சொல்வது வெளிச்சக் கணக்குக்கும் ஒத்து வந்தது. ஆகவே இப்போது விடியற்காலையில் துறையில் தொடங்கி, ஏலம் பார்த்து, பாடு முறையைப் பற்றிப் பெரியவர் வாயாலேயே கேட்டு, அகழிக்கரையைச் சுற்றி, தெருக்களுக்குள் நுழைந்து, நடுப்பகலில் குப்பத்து வீடொன்றில் மடவைக் குழம்போடு சாப்பாடு முடித்து, வெயில் சாய்ந்த பிறகே கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம். ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளைகளுக்கு மாத்திரம் காலையிலேயே அதைக் காட்டிவிடுகிறோம். சமையல் செய்கிற அம்மாளுக்கும், பாடு சொல்கிற பெரியவருக்கும் ஒவ்வொரு நடையின் வரும்படியிலிருந்தும் பங்கு போய்ச் சேர வேண்டும் என்பதும் அந்தப் பெண்ணின் ஏற்பாடே. கணக்குப் புஸ்தகம் அவளிடம் இருக்கிறது.